எழுபதுக்குக் கீழே

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். உட்துறைமுகத்துத் தண்ணீர் அசையாமல் தகரம் போலக் கிடந்தது.

புதுக் கொப்பி. பழையது முடிந்துவிட்டது. மனம் தளரும் நேரத்தில் திருப்பிப் பார்க்க, முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவைக்கிறேன்:

– தம்பி குமரன் (கு.), வயது 27. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறான்.
– அம்மா, அப்பா இல்லை. அண்ணா சுவிஸில். அகதிப் பேப்பர் கிடைக்காமல் அங்கிருந்து அசைய முடியாது. சிறுநீரகம் ஒன்று கொடுக்க, இரத்தம் பொருந்துகிற ஆள் நான் ஒருத்திதான்.
– கார்த்திகையில் கொழும்பு டொக்டர் சொன்னது: "எண்பத்திரண்டு கிலோவோடு உங்களை வெட்ட மாட்டேன். எழுபதுக்குக் கீழே வாருங்கள், பிறகு பேசலாம்."
– கிளினிக் மார்ச் 24. தவறினால் அடுத்தது எப்போது என்று அவர்கள் சொல்லவில்லை. கு.வும் கேட்கவில்லை.
– சோறு மத்தியானம் மட்டும், ஒரு சின்னக் கோப்பை. பின்னேரம் தொடங்கினால் மா இல்லை, பாண் இல்லை, கிழங்கு இல்லை.

எடை பார்ப்பது வேலையிடத்தில். மீனவர் சங்கக் கந்தோருக்குப் பின்னால் மீன் நிறுக்கிற மேடைத் தராசு. எனக்குத் தெரிந்து ஊரில் நம்பக்கூடிய தராசு அதுதான். நிறுப்பவர் கிண்ணியா நசீர் நானா. மெதுவாக வாசிக்கத் தெரியாத மனிதர்.

"எழுவத்திரண்டரை!" ஜெட்டி முழுக்கக் கேட்டது. "போன கிழமைக்கு அரைக் கிலோ கொறஞ்சிட்டீங்க தங்கச்சி. மீனெண்டா ஒங்கள நான் வாங்க மாட்டன்."

வலை உலர்த்திக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கட்டும். இன்னும் இரண்டரைக் கிலோ, மூன்று கிழமை.

மார்ச் 4, செவ்வாய்

பகலில் ஒரு தொல்லையும் இல்லை. நேவிக்கு அனுப்பும் படகுப் பட்டியல், பாஸ், கையெழுத்து. எந்தப் படகு எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று எழுதுவதிலேயே நேரம் போய்விடும்.

பி.ப. 5.40க்குத் தொடங்குகிறது. வயிற்றுப் பசி அல்ல இது. மத்தியானம் தின்ற மீன் இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது. தாடைக்குப் பின்னால் ஏதோ ஒன்று மாவைக் கேட்கும். இனிப்புக் கொடுத்தாலும் வேண்டாம், இறைச்சி கொடுத்தாலும் வேண்டாம். மாதான் வேண்டும்.

பேக்கரியில் இரண்டாம் சூளை இறங்கும் நேரம் அது. சந்திக் கடையில் கொத்து றொட்டித் தட்டுச் சத்தமும் அப்போதுதான் தொடங்கும். முன்பென்றால் கடற்கரையில் நடந்துவிட்டு வரலாம். இப்போது ஆமிக்குப் பயந்து ஆறரைக்குள் எல்லாரும் வீட்டுக்குள். வீட்டுக்குள் வந்தால் பிறகு குசினியைத் தவிர வேறு எங்கே போவது?

இன்று கேட்டவை, வரிசையாக:
1. சூட்டுப் பாண், கரை மட்டும், சம்பலோடு
2. குழல் புட்டு, தேங்காய்ப்பூ கூடப் போட்டது
3. அவித்த மரவள்ளி
4. தேங்காய் றொட்டி. கருகின பக்கம்
5. மறுபடியும் பாண்

செய்தது: பல் தீட்டினேன். கராம்பு ஒன்று மென்றேன். வளவைச் சுற்றி நாற்பது சுற்று. இருபத்தாறாவது சுற்றில் இவர் டிப்போவிலிருந்து வந்தார், கையில் பேப்பரில் சுற்றின பாண். மூன்று றாத்தல். நாங்கள் நாலு பேர், அதில் ஒருத்தி தின்பதில்லை.

"சூடாயிருந்தது. வாங்கினனான்."

மேசையில் வைத்துச் சுற்றைப் பிரித்தும் விட்டார். மகள் துளசி தன் பாண் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். எனக்கு மணக்கக் கூடாதாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்குகிறது.

தின்னவில்லை. 7.15க்கு அடங்கிவிட்டது. ஒன்றரை மணித்தியாலம்தான் அதற்குப் பலம். அதைத் தாண்டினால் நான் வென்றேன்.

மார்ச் 6, வியாழன்

கொமியுனிக்கேசன் போன் கடையில் முக்கால் மணித்தியாலம் நின்று கு.வுக்குக் கோல் எடுத்தேன். லொட்ஜ்க்காரர் கூப்பிட, மாடியிலிருந்து இறங்கி வந்து மூச்சு வாங்கினான்.

"அக்கா, எத்தினை?"

"எழுபத்திரண்டு சொச்சம்."

"நல்லா மெலியிறீங்கள். நான் ஊதுறன்." சிரித்தான். "நேற்றுக் கனவில ஒரு வாளி தண்ணி குடிச்சனான். கோப்பையில இல்லை, வாளியில."

"எனக்கு ஒரு தாச்சி றொட்டி."

"சுட்டது ஆர்?"

"நான்தான். நானே சுட்டு நானே தின்னுறன், ஒருத்தருக்கும் குடுக்கேல்ல."

அவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர்தான். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, உப்புக் கூடாது. எனக்குப் போட்ட தடை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. லொட்ஜில் தங்கும் தமிழருக்குக் கொடுக்கிற பொலிஸ் பதிவுத் துண்டை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுதான் போகிறானாம். போன கிழமை வழியில் மறித்து மூன்று மணித்தியாலம் வைத்திருந்தார்களாம். இரத்தம் சுத்தம் செய்கிற முறை பிந்திப்போனது.

"அக்கா, ஏலாட்டி விடுங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

"வாயை மூடடா," என்றேன். பக்கத்துப் பெட்டிக்குள் கதைத்துக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 9, ஞாயிறு

மாமி மரவள்ளி அவித்தா. இவரின் அம்மா. எங்களோடுதான் இருக்கிறா. சரியாக ஐந்தரைக்கு அவித்தா. கட்டசம்பல் வேறு.

"ஒரு துண்டு எடன் பிள்ளை. கிழங்கு உடம்புக்கு ஒண்டும் செய்யாது."

"வேண்டாம் மாமி."

"அகதி முகாமில சனம் ஒரு பிடி சோத்துக்கு லைனில நிக்குது. இஞ்ச ஒருத்தி சோத்தைக் கண்டு ஓடுறா."

இது குத்தியது. பொய் என்றால் குத்தியிராது. சங்கத்துக்கு வரும் பெண்களில் இரண்டு பேர் முகாமிலிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் முன்னால் என் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கக் கூச்சம். ஒரு சின்னக் கோப்பைச் சோற்றைப் பார்த்து, பாவம் இவளுக்கும் வீட்டில் இல்லைப் போல என்று ஒருத்தி தன் வாழைப்பழத்தைப் பாதியாக்கித் தந்தாள்.

ஆனால் நான் தின்றால் அவர்களுக்கு நிறையுமா? வெட்கப்பட்டு ஒரு மரவள்ளித் துண்டு தின்றால் யாருக்கு என்ன கிடைக்கும்?

வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டது: "தம்பிக்காரனுக்கு ஈரலை வெட்டிக் குடுக்கப் போறாளாம்." "ஈரல் இல்லையடி, கிட்னி." "எதோ ஒண்டு. பிறகு ஒரு வாளி தண்ணி தூக்க ஏலாதாம்."

கிணற்றடிக்குப் போய் அவர்களுக்குக் கேட்கத்தக்கதாக எட்டு வாளி அள்ளினேன். தேவையே இல்லை, தொட்டி ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

மார்ச் 10, திங்கள்

71½. நானா கத்தினார். வாழ்க.

மார்ச் 12, புதன்

விடிய ஐந்து மணிக்கு ஆமியின் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகச் சொன்னார்கள். இவர் சேட்டை மாற்றி, அடையாள அட்டையைப் பையில் வைத்து, தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார்.

பத்து மணி. வரவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஆளைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடின தலையாட்டி வந்திருக்கிறதாம், வரிசையாக அதற்கு முன்னால் நடக்கவைக்கிறார்களாம், இவரைக் கண்டதாகவும் காணாததாகவும் சொன்னார். மாமி சாமி அறையை விட்டு எழும்பவில்லை. துளசி என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

5.40. நேற்று இவர் கொண்டுவந்ததில் மிஞ்சின பாண், இரண்டு றாத்தல், குசினி மேசையில்.

தின்றது: பாண் முழுவதும். முதலில் கரை. பிறகு நடு. சம்பல் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பாண். நின்றபடி. பிறகு நேற்றைய புட்டுக் கொஞ்சம், சட்டியோடு. சுவை தெரியவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை. வாய் ஓடிக்கொண்டிருந்தால் மனம் ஓடாது என்று ஓர் எண்ணம்.

6.45க்கு வந்தார். முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்து. ஒன்றும் கேட்கவில்லையாம், விட்டுவிட்டார்களாம். கதிரையில் விழுந்தார்.

"பாண் மிச்சமிருக்கே?"

நாள் முழுக்கச் சாப்பிடாத மனிதர்.

"இல்லை," என்றேன். "றொட்டி சுட்டுத்தாறன்."

சுட்டேன். ஆறு. அவர் தின்று முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒரு துண்டும் வேண்டியிருக்கவில்லை. பாண் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. மேசையில் கிடந்த தூளைப் பார்த்தார்.

மார்ச் 13, வியாழன்

கிழமையில் ஒரு தரம்தான் நிறுப்பது. இன்று நானே போய் ஏறினேன். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்து அழலாம்.

72¼.

நசீர் நானா கத்தவில்லை. எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "வீட்ட ஏதும் கரச்சலா தங்கச்சி?"

"நேற்று இவரைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்."

"வந்திட்டாரா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்." தராசு முள்ளைத் திரும்பப் பூச்சியத்துக்குத் தள்ளினார். அவ்வளவுதான்.

அழவும் இல்லை. ஒரு நாள் தோற்றேன். ஒரு நாள்தான்.

மார்ச் 15, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பின்னேரம் துளசிக்குப் பணிஸ் வாங்க நானே பேக்கரிக்குப் போனேன். பேக்கரிக்காரர் நல்ல மனிதர், கதை கூட.

"ஐயா இண்டைக்கு வரேல்லையோ அக்கா? அவருக்கெண்டு சூளை வாயில இருந்து எடுத்து வைச்சிருக்கிறன். முந்தி ஒரு றாத்தல்தானே, அதுவும் காலமை. இப்ப மாசக்கணக்கா மூண்டு, பின்னேரம், சூடாத்தான் வேணுமெண்டு நிண்டு வாங்குறார். வீட்டில ஆருக்கும் அவ்வளவு விருப்பமோ?"

மாசக்கணக்காக. கார்த்திகையிலிருந்து.

வீட்டுக்கு வந்தேன். துளசியைப் பணிசோடு முன்வீட்டுக்கு அனுப்பினேன். இவர் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ. அந்தப் பாண் ஆருக்கு?"

முதலில் விளங்காதவர் போல் பார்த்தார். பிறகு எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"வேணுமெண்டுதான் கொண்டு வந்தனான்," என்றார். "நீ எழுபதுக்கு வரக் கூடாதெண்டு."

"நாலு மாசமாவே?"

"ஓம்."

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திவிட்டார்.

"புதன்கிழமை மைதானத்தில காலமை தொடக்கம் குந்தியிருந்தனான். என்ன நினைச்சனான் தெரியுமே? எனக்கு என்னவும் நடந்தா நடக்கட்டும், துளசிக்குத் தாய் மலர் இருக்கிறாள். முழுசா இருக்கிறாள். அது ஒண்டுதான் தைரியம். உன்னை அந்தத் தியேட்டருக்குள்ள விட்டிட்டு வெளியில நிக்க என்னால ஏலாது."

அவர் குரல் இப்படி உடைந்து நான் கேட்டதில்லை. கோபத்தைப் பிடித்து வைத்திருப்பது கஷ்டமாகப் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை.

"புதன்கிழமை உங்களுக்காக நான் என்ன செய்தனான்?" என்று கேட்டேன். "பாண் திண்டனான். வேற ஒண்டும் செய்ய ஏலாது. உங்களைக் கூட்டிக்கொண்டு போனாலும் செய்ய ஏலாது. கொழும்பில அவனை மறிச்சு வைச்சாலும் செய்ய ஏலாது. செல் விழுந்து வெடிச்சாலும் ஏலாது. இந்த ஊரில என்ர கையால செய்யக்கூடியது ஒண்டே ஒண்டுதான் இருக்கு. அதையும் நீங்கள் ஒரு பாணைக் காட்டிப் பறிக்கப் பாக்கிறியள்."

அவர் எண்ணெய்க் குப்பியைச் சுவரோரம் வைத்தார்.

"வெளியில நிக்க ஏலாட்டி உள்ளுக்கு வந்து இருங்கோ. நான் போவன். பாணைத் தலைமாட்டில அடுக்கினாலும் போவன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆறரைக்குள் திரும்பி வந்துவிட்டார், வேறு எங்கே போவது. மாமிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

71¼. இவர் வெறுங்கையோடு வந்தார். கையைக் கழுவிவிட்டு, துளசியின் கணக்குக் கொப்பியைப் பார்த்தார்.

பாண் மேசையில் இல்லாவிட்டால் ஆசை வராது என்று நினைத்திருந்தேன். பொய். 5.40க்கு வந்தது, முன்பைவிட மோசமாக. கொத்து றொட்டிச் சத்தம் மண்டைக்குள். அப்படியென்றால் அது இவருடைய குற்றம் மட்டும் இல்லை. எனக்குள்ளேயே இருக்கிற ஒன்று. நல்லது. இருக்கட்டும். நானும் இருக்கிறேன்.

நாற்பது சுற்று. பிறகு இன்னும் பத்து.

மார்ச் 19, புதன்

இரண்டு நாளாகக் கடலுக்குத் தடை. ஏன் என்று நேவி சொல்லவில்லை. படகுகள் கரையில். சந்தையில் மீன் இல்லை, கடையில் முட்டையும் முடிந்துவிட்டது. வீட்டில் இருப்பது அரிசி, கோதுமை மா, ஒரு பிடி பருப்பு. என்னைப் பரிசோதிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்து வைத்தது போல.

சங்கத்தில் ஆட்கள் என் மேசையைச் சுற்றி. "அக்கா, எப்ப விடுவினம்?" எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் மீன் வேண்டும்.

இரவுச் சாப்பாடு: முருங்கையிலைச் சுண்டல், பருப்புத் தண்ணீர். மற்றவர்களுக்கு மாமி றொட்டி சுட்டா. முருங்கைக் கொப்பை முறித்து இலையை ஆய்ந்து தந்தவர் இவர். மாமி பார்த்துக்கொண்டே இருந்தா. "தாயும் பிள்ளையும் ஒண்டுதான், பெண்சாதி வந்தா எல்லாம் வேற," என்றா.

மார்ச் 21, வெள்ளி

70¼. கடல் திறந்துவிட்டார்கள். நசீர் நானா மேடையில் அரை நிமிசம் கூடுதலாக நிற்கவைத்தார், முள் இறங்கும் என்று. இறங்கவில்லை.

கால் கிலோ. மூன்று நாள்.

இவர் ஒரு கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டாராம். "தனியப் போக வேண்டாம்," என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. துளசி மாமியோடு நிற்பாள்.

மார்ச் 22, சனி

காலை பஸ். எத்தனை தரம் இறங்கிப் பையைத் திறந்து காட்டினோம் என்று எண்ணுவதை ஐந்தோடு விட்டேன். ஹபரணையில் எல்லாரும் சோறு தின்றார்கள். நான் இரண்டு அவித்த முட்டை. பின்னேரம் பஸ்ஸுக்குள்ளேயே 5.40 வந்தது. முன் ஆசனத்துப் பிள்ளையின் கையில் மீன் வைத்த மாலு பணிஸ். யன்னலுக்கு வெளியே பார்த்தேன். இவர் எழும்பி என்னை யன்னல் பக்கம் மாற்றி இருத்தினார்.

கு. லொட்ஜ் வாசலில் நின்றான். முகம் வீங்கி, கை கால் குச்சி. என்னைத் தாண்டி இவரைப் பார்த்து, "அத்தான், அக்கா எங்கை?" என்று கேட்டான்.

உண்மையாகவே தெரியவில்லை அவனுக்கு. பிறகு தெரிந்ததும் படியில் இருந்துவிட்டான். இவர் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. அரை மணித்தியாலம் கதைத்தார்கள்.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரி. ஏழு மணியிலிருந்து வாங்கில் குந்தியிருந்தோம்.

9.30க்குத் தராசு. செருப்பைக் கழற்றினேன். மணிக்கூட்டைக் கழற்றினேன். தாலிக்கொடியையும் கழற்றி இவர் கையில் கொடுத்தேன். நேர்ஸ் வாயைப் பிளந்தாள். இவர் உள்ளங்கையை மூடிக்கொண்டு நின்றார்.

69.7.

நேர்ஸ் சிங்களத்தில் ஏதோ சொல்லி எழுதினாள். நான் இறங்காமல் நின்றேன். இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். 69.7.

டொக்டர் பழைய தாளையும் புதுத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தனையோ பேர் எடை குறைத்து வருவதாகச் சொல்லிப் போகிறார்கள், வருவதில்லை," என்றார். இன்றிலிருந்து பரிசோதனைகள் தொடங்கலாமாம். இரத்தம், படம், இருதயம், எல்லாம் பார்த்து முடியக் கிழமைகள் ஆகும். எல்லாம் சரியென்றால்தான் நாள் குறிப்பார்கள். இல்லையென்றும் வரலாம் என்று நேராகவே சொன்னார். வரட்டும். அதை அப்போது பார்ப்பேன்.

கணவரின் கையெழுத்துத் தேவை என்று ஒரு தாள். இவர் கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். ஒரு சொல்லுக்குக் கருத்துக் கேட்டார். எனக்கும் தெரியாது. பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். எழுத்து அவருடையது போலவே இல்லை.

கடைசியாக ஒரு அறை. ஒரு சிங்கள மிஸ், கேள்விகள் எழுதின தாள். தமிழ் தெரிந்த அற்றெண்டன் ஒருவர் மொழிபெயர்த்தார். பெயர், வயது, உறவு. பிறகு:

"இதைக் குடுக்கச் சொல்லி உங்களை ஆரும் வற்புறுத்தினவையோ எண்டு கேக்கிறா. பயப்படாமல் சொல்லட்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"குடுக்கச் சொல்லி ஒருத்தரும் வற்புறுத்தேல்ல," என்றேன். "குடுக்க வேண்டாமெண்டுதான் எல்லாரும் வற்புறுத்தினவை."

அற்றெண்டன் தயங்கினார். "அதையும் சொல்லவோ அம்மா?"

"சொல்லுங்கோ. எழுதச் சொல்லுங்கோ."

சொன்னார். மிஸ் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தா. பிறகு குனிந்து எழுதினா. இரண்டு வரி.